ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதுங்கள்: கேள்வி-பதில்

கே: இண்டோமெத்தசின் மருந்தும் போவிடோன் என்ற பாலிமரும் சேர்ந்த அமார்ஃபஸ் (படிகமாகாத) கலவையின் டிஜி, அதாவது கண்ணாடிபோல் இறுகிய தூள் இளகத் தொடங்கும் வெப்பநிலை, 85 டிகிரி. அறை வெப்பம் 30. ஐம்பது டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறதே, படிகமாகாமல் இருக்க அது போதும்தானே?

85 என்பது உலர்ந்த தூளுக்கா, ஒரு வாரம் அலமாரியில் கிடந்த தூளுக்கா? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? நீரின் டிஜி மைனஸ் 137. ஒரு சதவீத நீர் ஏறினாலே கலவையின் டிஜி 5 முதல் 10 டிகிரி இறங்கும். போவிடோனோ, 75 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீரை இழுத்துவிடும். அப்புறம் இடைவெளி ஏது?

கே: படிக மருந்துக்கும் ஈரம் படுகிறதே?

படும். ஆனால் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். அமார்ஃபஸில் உள்ளே புகுந்து மூலக்கூறுகளை நகர விடுகிறது.

கே: 40/75-இல் (40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்) வைத்த மாதிரியும் புது மாதிரியும் டிஎஸ்சியில் (சூடாக்கும்போது தூள் ஏற்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஒரே டிஜிதான் காட்டுகின்றன. ஈரம் பாதிக்கவில்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். மூடியில் ஊசித்துளை போட்ட பேனில், அதாவது மாதிரி வைக்கும் சிறு உலோகக் கிண்ணத்தில்தானே ஓட்டினீர்கள்? நூறு டிகிரியைத் தொடுவதற்குள் நீரெல்லாம் துளை வழியே போய்விடும். நீங்கள் அளந்தது உலர்ந்த தூளை. வரைபடத்தில் 50-க்கும் 100-க்கும் இடையே அகலமாக ஒரு பள்ளம் இருக்கும், பாருங்கள். அது நீர் ஆவியாவது. அதை மருந்து உருகுவதாகக் குறித்த அறிக்கைகளையும் பார்த்துச் சலித்துவிட்டேன். ஈர டிஜி வேண்டுமென்றால் காற்றுப் புகாமல் அழுத்தி மூடிய பேன். ஓட்டுமுன் எடை, ஓட்டியபின் எடை. குறைந்திருந்தால் மூடி கசிந்திருக்கிறது, அந்த ஓட்டத்தைத் தூக்கி எறியுங்கள். கூடவே கார்ல் ஃபிஷரில் (நீரை அளக்கும் வேதிச் சோதனை) நீரளவு. இது இல்லாத டிஜி எண்ணை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கே: ஃபெலோடிபின் மருந்தின் போவிடோன் கலவை ஈரத்தில் இருந்தபின் இரண்டு டிஜி காட்டுகிறது. எக்ஸ்ரேயில் படிகம் இல்லை.

மருந்தும் பாலிமரும் பிரிந்துவிட்டன. உலர்த்தினால் திரும்பச் சேராது; மருந்து மிகுந்த பகுதி அடுத்து படிகமாகும். இண்டோமெத்தசின் போவிடோனோடு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதால் அவ்வளவு எளிதில் பிரியாது. ஃபெலோடிபினுக்கு அந்தப் பிடி குறைவு. போவிடோனுக்குப் பதில் ஹெச்பிஎம்சிஏஎஸ் என்ற பாலிமரைப் போட்டுப் பாருங்கள்; அது போவிடோனைவிட நீரை மிகக் குறைவாகவே இழுக்கும்.

கே: டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டால் போதுமா?

போதாது. தூளை ஜெலட்டின் கேப்ஸூலில் அடைத்திருந்தால், ஓட்டிலேயே 13 முதல் 16 சதவீதம் நீர் இருக்கிறது. தூள் அதை உறிஞ்சும், ஓடு நொறுங்கும். நீர் குறைவான ஹெச்பிஎம்சி (செல்லுலோஸ் வகை) ஓட்டுக்கு மாறுங்கள். மாத்திரை என்றால் இருபுறமும் அலுமினியத் தாளால் ஆன அலு-அலு பட்டை. அடுத்த முறை எந்த ஈரப்பதத்தில், எத்தனை வாரம் என்று எழுதிக் கேளுங்கள்.