டிரான்ஸ்ஃபர் கேஸ்: முதலில் பிரியுங்கள், அப்புறம் வாங்குங்கள்

கேள்வி: என்னுடையது பழைய ஃபோர் வீல் வண்டி. டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) என்.பி.231 மாடல். ஃபோர் வீலில் போட்டு மேடு ஏறினால் 'கடக் கடக்' என்று தாவுகிறது. பின்பக்க சீலில் கசிவு. சஸ்பென்ஷனை 3 இன்ச் உயர்த்தியதிலிருந்து வேகமெடுத்தால் அதிர்வும் சேர்ந்துகொண்டது. வீட்டிலேயே வேலை செய்ய ஆசை. தேய்ந்த பாகங்களை மாற்றும் ரீபில்ட் கிட், இழுவையைக் கூட்டும் 4:1 லோ ரேஞ்ச் கிட், அதிர்வுக்கான ஸ்லிப் யோக் எலிமினேட்டர் கிட் மூன்றையும் ஒரேயடியாக வாங்கிவிடட்டுமா? அல்லது பழுதுபார்த்து விற்கும் ரீகண்டிஷன் யூனிட்டே மேலா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 231 என்று ஒரே பெயர்தான். உள்ளே ஆளுக்கொரு ஜாதி. இன்புட் ஸ்பிளைன் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் பல்வரிசை) 21 பல்லும் உண்டு, 23 பல்லும் உண்டு. முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் செயினின் அகலம் 1 இன்ச்சும் உண்டு, 1¼ இன்ச்சும் உண்டு. கேஸின் பின்பக்கம் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அழுக்கைத் துடைத்தால் பார்ட் நம்பரும் 2.72 என்ற லோ ரேஷியோவும் தெரியும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கேஸை இறக்கிப் பிரியுங்கள். கழற்றிய பேரிங்கின் நம்பரையும் பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

தாவுகிறது என்றால் என் சந்தேகம் செயின் மேல்தான். திறந்ததும் அலுமினிய ஹவுசிங்கின் உள்சுவரில் விளக்கடித்துப் பாருங்கள். பளபளவென்று கோடு கோடாக உரசல் தெரிந்தால் செயின் நீண்டுபோய்விட்டது. ஏமாறுகிற இடமும் இதுதான். 'மாஸ்டர் கிட்' என்று பெரிதாக அச்சடித்த ரீபில்ட் கிட் பெட்டியில் பேரிங், சீல், சர்க்ளிப் எல்லாம் இருக்கும்; செயின் பெரும்பாலும் இருக்காது. ஷிஃப்ட் ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பேடுகளும் சில கிட்டில் விட்டுப்போகும். கேட்டு வாங்குங்கள். முன், பின் டயர் அளவு வேறாக இருந்தாலோ, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டினாலோ புது செயினும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

4:1 கிட் வேண்டாம் என்பேன். முதல் கியர் 3.83, ஆக்ஸில் 4.10 என்று வைத்துக்கொண்டால், இப்போது லோ ரேஞ்சில் மொத்த ரேஷியோ ஏறக்குறைய 43:1. கிட் போட்டால் 63:1. பாறை மேல் ஊர்ந்து ஏறுகிறவருக்கு அது வரம். மற்றவர்களுக்கு ஆக்ஸிலும் கிராஸும் (ஷாஃப்டின் மூட்டு) சேர்த்து உடைவதற்கு வழி. உங்கள் குறை தாவலும் அதிர்வும்தானே, இழுவைக் குறைவு இல்லையே.

அந்த அதிர்வுக்கு எலிமினேட்டர் கிட் சரியான மருந்து. வண்டியை உயர்த்தியதும் பின் பிராப்பளர் ஷாஃப்டின் (பின் ஆக்ஸிலைச் சுழற்றும் நீளத் தண்டு) சாய்வு கூடிவிட்டது. இந்த கிட் கேஸின் வாலைக் குட்டையாக்கும். ஷாஃப்ட் நீளமாகும், சாய்வு குறையும். கேஸில் இருக்கிற மெயின் ஷாஃப்டை அறுத்து மரை போடும் மலிவு வகையும் உண்டு, அதையே புதிதாக மாற்றும் வகையும் உண்டு. எப்படியும் பிரிக்கப்போகிறீர்கள், இரண்டாவதை எடுங்கள். ஆனால் கிட் விலையோடு செலவு முடியாது. டபுள் கார்டன் ஜாயின்ட் (இரட்டை மூட்டு) வைத்த புது பிராப்பளர் ஷாஃப்ட் வேண்டும். அது கிட்டைவிட விலை கூடுதலாகவே இருக்கலாம். பின் ஆக்ஸிலின் பினியனையும் (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேல்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். ஷாஃப்டுக்கு அளவெடுப்பது கிட்டை மாட்டி, வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது. ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் காசு தண்டம்.

மூடும்போது ஒரு விஷயம். பின்பாதி ஹவுசிங்கில் ஆயில் பம்பும், அதற்கு ஆயில் உறிஞ்சும் மெல்லிய குழாயும் இருக்கும். மூடுகிற அவசரத்தில் குழாய் பம்பிலிருந்து நழுவிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பம்ப் காற்றை இழுக்கும், புது பேரிங் கருகும். நான் ஒருமுறை போல்ட்டெல்லாம் முறுக்கிய பிறகு சந்தேகம் வந்து மறுபடி திறந்தேன். குழாய் கோணலாகத்தான் கிடந்தது.

ரீகண்டிஷன் யூனிட் ஹவுசிங் விரிசல் விட்டவர்களுக்கு. வாங்குவதானால் 'செயின் புதுசா, பழசா' என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். சீலை மட்டும் மாற்றி பெயின்ட் அடித்ததற்கும் அதே பெயர்தான். பழைய யூனிட்டுக்குப் பிடிக்கும் டெபாசிட், ஹவுசிங் உடைந்திருந்தால் திரும்புமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாமே?

பதில்: ஊற்றாதீர்கள். இந்த கேஸுக்கு ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான், சின்ன பம்ப், கெட்டி ஆயிலை இழுக்கத் திணறும். பழைய கியர் டிரைவ் கேஸ்களுக்குச் சொன்னதை யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.