30 டிகிரி நீரில் பனிக்கட்டி: விடை ஏன் மைனஸில் வருகிறது?

30 டிகிரியில் உள்ள 200 கிராம் நீரில் 0 டிகிரி பனிக்கட்டி 100 கிராம் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன என்ற கணக்கில் உங்களுக்கு மைனஸ் 6.5 டிகிரி வந்திருக்கிறது. சரியான விடை 0 டிகிரிதான். அந்த 100 கிராம் பனிக்கட்டியில் சுமார் 75 கிராம்தான் உருகும், மீதி அப்படியே மிதக்கும்.

மைனஸ் 6.5 வந்ததற்குக் காரணம், பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆற்றல் அழிவின்மை விதி (ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்பது) ஒன்றும் கோளாறு செய்யவில்லை.

சமன்பாட்டைத் தொடும் முன் வரவு செலவு பாருங்கள். 200 கிராம் நீர் 30-லிருந்து 0-க்கு இறங்கினால் தருவது 200 × 4.2 × 30 = 25,200 ஜூல் (நீருக்குக் கிராமுக்கு டிகிரிக்கு 4.2 ஜூல்). பனிக்கட்டி முழுக்க உருகக் கேட்பது 100 × 334 = 33,400 ஜூல் (ஒரு கிராம் உருக 334 ஜூல்). பத்தவில்லையா? சரி, 25,200-ஐ 334-ஆல் வகுங்கள். உருகிய கிராம் கிடைத்துவிடும்.

அப்புறம், பனிக்கட்டி மைனஸ் 10-இல் தொடங்கினால், அதை 0-க்குக் கொண்டுவரும் வெப்பத்தை (கிராமுக்கு டிகிரிக்கு 2.1 ஜூல்) முதலில் அந்த 25,200-இலிருந்து கழிக்க வேண்டும். பாத்திரம் தரும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை.