கண்ணன், கிருஷ்ணன்: ஒரே பெயரின் பல வடிவங்கள் (கேள்வி பதில்)

இந்தியா முழுக்க ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களில் கிருஷ்ணன் ஒன்று. இது எங்கிருந்து வந்தது, ஊருக்கு ஊர் எப்படி மாறியது, எப்படி எழுதுவது சரி என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மொழி, எழுத்து, கல்வெட்டு சார்ந்தவை மட்டும். எல்லாப் பதிலுக்கும் பொதுவாக ஒன்று: இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு எழுத்து இன்னொன்றாக மாறியது என்று சொன்னால், அதே மாற்றம் வேறொரு சொல்லிலும் நடந்ததைக் காட்ட வேண்டும்.

பொன்னேரி வாசகி: கிருஷ்ணன் என்றால் 'எல்லோரையும் ஈர்ப்பவன்' என்று பொருள் சொல்கிறார்களே, சரியா?

கருப்பன் என்பதுதான் பொருள். வடமொழியில் கிருஷ்ண என்பது நிறத்தைச் சொல்லும் சாதாரணப் பெயரடை. தேய்பிறை கிருஷ்ணபட்சம், கருந்துளசி கிருஷ்ணதுளசி, கரிய மானின் தோல் கிருஷ்ணாஜினம். வியாசருக்கும் கிருஷ்ண துவைபாயனர் என்று பெயர்: கரியவர், தீவில் பிறந்தவர். திரௌபதி கிருஷ்ணை. ரிக் வேதத்தின் 8ஆம் மண்டலத்தில் கிருஷ்ணர் என்று ஒரு ரிஷி இருக்கிறார். 'தேவகியின் மகன் கிருஷ்ணன்' என்ற குறிப்பு சாந்தோக்கிய உபநிடதத்தில் வருகிறது.

இந்தச் சொல்லுக்கு ஐரோப்பாவிலும் உறவு உண்டு. பால்டிக் கரையில் பேசப்பட்டு அழிந்துபோன பழைய பிரஷ்ய மொழியில் கருப்புக்கு 'கிர்ஸ்னன்'. ரஷ்ய மொழியில் 'சோர்னி'. செர்னோபில் என்ற ஊர்ப்பெயரின் முதற்பாதியும் இந்தக் கருப்புதான்.

'ஈர்ப்பவன்' என்பது இழுத்தல் என்று பொருள்படும் 'கர்ஷ்' என்ற வேரைக் கொண்டு பக்தர்கள் சொன்ன விளக்கம். வழிபாட்டில் அதற்கு இடம் உண்டு. சொல் பிறந்த வரலாறாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேனிக்காரன்: கிருஷ்ணன் எப்படிக் கண்ணன் ஆனான்? நடுவில் எதுவும் ஒட்டவில்லையே?

நடுவில் பிராகிருதம், அதாவது வடமொழியோடு உறவுள்ள பழைய பேச்சுமொழி, இருக்கிறது. கிருஷ்ணனில் வரும் 'ரு' வடமொழியில் ஓர் உயிரெழுத்து. அந்த 'ரு' உயிர் பிராகிருதத்தில் பல இடங்களில் அகரமாகும். 'ஷ்ண' என்ற கூட்டு 'ண்ஹ' ஆகும். இரண்டும் ஒரே சொல்லில் நடந்ததற்குச் சான்று 'த்ருஷ்ணா', அதாவது வேட்கை. பிராகிருதத்தோடு சேர்ந்த பாலி மொழியில் அது 'தண்ஹா'. புத்த நூல்களில் எத்தனையோ முறை வருகிற சொல். த்ருஷ்ணா தண்ஹா ஆன அதே வழியில் க்ருஷ்ண 'கண்ஹ' ஆனது. விஷ்ணு 'விண்ஹு' ஆனதும், உஷ்ண 'உண்ஹ' ஆனதும் இதே வழிதான்.

அடுத்த படி தமிழில். தமிழில் ஹகரம் இல்லை. வருகிற ஹகரத்தை விட்டுவிடுவோம்: ஹாரம் ஆரமாகிறது, ஹிதம் இதமாகிறது. கண்ஹ என்பதில் ஹ போனதும் ணகரம் இரட்டித்து 'கண்ண' ஆகிறது. ஆண்பால் 'அன்' சேர்ந்தால் கண்ணன்.

இடைப்பட்ட வடிவம் கல்லிலேயே இருக்கிறது. நாசிக் 19ஆம் குகையில், தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசன் ஒருவன் பெயர் 'கண்ஹ' என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. புராணங்கள் அவனைக் கிருஷ்ணன் என்கின்றன. மும்பை கான்ஹேரி குகைகளின் பழைய பெயர் 'கண்ஹகிரி', கரிய மலை. நம் கிருஷ்ணகிரியும் கான்ஹேரியும் சொல்லளவில் ஒரே பெயர்தான்.

தமிழாசிரியை, தஞ்சை: கிருட்டிணன், கிருட்டினன், கிருட்ணன், கிருஷ்னன் எல்லாம் பார்க்கிறேன் ஐயா. மாணவர்களுக்கு எதைச் சொல்ல?

கிரந்த எழுத்து வேண்டுமென்றால் கிருஷ்ணன், வேண்டாமென்றால் கிருட்டிணன். மற்ற மூன்றும் பிழை.

சொல்லின் முதலில் க்ரு என்ற மெய்க்கூட்டு தமிழில் வராது என்பதால் இகரம் புகுந்து கிரு ஆயிற்று. நடுவில் ஷகரம் டகரமாகும். ட் என்ற மெய்க்குப் பின்னால் ண் வராது. தன் இனமான டகரத்தைத் தவிர க, ச, ப மூன்றுதான் வரும். அதனால் ட் இரட்டித்து இகரம் பெற்று 'ட்டி' ஆனது. விஷ்ணு விட்டுணு ஆனதும் அப்படித்தான். அங்கே பின்னால் வருவது உகரம் என்பதால் 'ட்டு'. கிருட்ணன் என்று எழுதினால் தவிர்க்க நினைத்த கூட்டே திரும்ப வந்துவிடுகிறது.

றன்னகரமா டண்ணகரமா என்பதற்கு மாணவர்களுக்கு ஒரு விதி சொல்லுங்கள். வடமொழியில் ஒரே சொல்லுக்குள் ர, ஷ, 'ரு' உயிர் இவற்றுக்குப் பின்னால் வரும் ன, ணகரமாகும். கிருஷ்ணன், விஷ்ணு, நாராயணன், ராமாயணம். இடையில் த வர்க்கமோ ச, ஜ வர்க்கமோ வந்து மறித்தால் மாறாது. அதனால்தான் ரத்னம், அர்ஜுனன். கிருஷ்ணனில் மறிக்க எதுவுமில்லை, ஆகவே ணகரம். கடைசி ன் தமிழ் விகுதி என்பதால் அதற்கு இந்த விதி கிடையாது.

கோவை வாசகர்: கிறிஸ்து, கிருஷ்ணா இரண்டும் ஒரே சொல்லா?

இல்லை. கிறிஸ்து கிரேக்கச் சொல்; எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். மெசியா என்ற எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்பு.

முல்லைநிலத்தான்: ஐயா, கண்ணன் தூய தமிழ்ச்சொல். கண் + அன், அழகிய கண்ணை உடையவன். பிராகிருதம்தான் நம்மிடமிருந்து எடுத்தது. கண்ணனை வடமொழியாக்கியதுதான் கிருஷ்ணன்.

உங்கள் அக்கறை புரிகிறது ஐயா, அதனால் விரிவாகவே சொல்கிறேன். கண்ணனிலிருந்து கிருஷ்ணன் வந்தது என்றால், கண்ணனில் இல்லாத ரகரமும் ஷகரமும் எங்கிருந்து முளைத்தன? யாரோ சேர்த்தார்கள் என்றால், அதே இரண்டு ஒலிகளோடும் அதே கருப்புப் பொருளோடும் பால்டிக் கரையில் 'கிர்ஸ்னன்' எப்படி இருக்கிறது? இருக்கிற ஒலி தேய்ந்துபோவதை எல்லா மொழியிலும் காணலாம். இல்லாத ஒலி புதிதாகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்கும் உறவுச்சொல்லோடு பொருந்துவதை எந்த மொழியிலும் காட்ட முடியாது.

பொருளையும் பாருங்கள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் 'கண்ணன் என்னும் கருந்தெய்வம்' என்கிறாள். கண்ணன் என்றதும் அடுத்த சொல்லே கருமை.

சென்னை வாசகி: கிஷன், கன்ஹையா, கானாய் எல்லாம் இதே பெயரா?

எல்லாம் இதேதான். இரண்டு கிளைகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் கிளை கண்ஹவிலிருந்து நேராக வந்தவை. இந்தியில் கான்ஹா, செல்லமாக நீட்டினால் கன்ஹையா. வங்காளியில் கானாய், கானு. குஜராத்தியில் கானோ, 'ஜி' சேர்ந்தால் கான்ஜி. மராத்தியில் கான்ஹோபா, கான்ஹோஜி. மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் பெயர் இதுதான். ஒடியாவில் கான்ஹு. நம் கண்ணன் இந்தக் கிளையில் சேர்ந்தவன்.

இரண்டாவது கிளை, வடமொழி வடிவத்தைப் பிற்காலத்தில் மறுபடி எடுத்து, அந்தந்த ஊர் நாக்குக்கு ஏற்ப வளைத்தவை. இந்தியில் கிஷன், சிந்தியில் கிஷின்சந்த், தெலுங்கில் கிஷ்டய்யா, தமிழ்க் கிராமங்களில் கிட்ணன், செல்லமாகக் கிட்டு, கிச்சா, கிட்டப்பா. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இயற்பெயர் ராமகிருஷ்ணன். வங்காளியில் இந்தக் கிளை 'கேஷ்டோ' என்று வரும். ஷ்ண என்ற கூட்டை வங்காளி நாக்கு ஷ்ட ஆக்கும். விஷ்ணு அங்கே பிஷ்டு, வைஷ்ணவர் போஷ்டம். கிருட்டிணனில் தமிழ் கொண்டுவந்த டகரத்தை வங்காளியும் தன் வழியில் கொண்டுவந்திருப்பதைக் கவனியுங்கள்.

'ரு' உயிரை வடக்கே 'ரி' என்பார்கள். மராத்தியிலும் ஒடியாவிலும் 'ரு', ஆகவே க்ருஷ்ணா. ஜாவாவில் 'ரெ', ஆகவே க்ரெஸ்னா. ஈழத்தில் ஸகரம் போட்டு கிருஸ்ண என்று எழுதுவதைப் பரவலாகக் காணலாம்.

திருநெல்வேலி வாசகர்: மகன் பெயருக்கு ஆங்கில எழுத்துக் கூட்டல் எத்தனை வந்தால் ராசி?

முதலிலேயே சொன்னேன், இது என் துறை இல்லை.

முல்லைநிலத்தான்: உறுப்பின் பெயரோடு அன் சேர்த்துப் பெயர் வைப்பது தமிழ் மரபு ஐயா. மூக்கன் இல்லையா? மூக்கன் உண்டென்றால் கண்ணனும் உண்டு.

நல்ல கேள்வி. இதுவரை வந்த எதிர்வாதங்களில் எடையுள்ளது இதுதான். ஆனால் மூக்கன் என்ற பெயருக்குக் காரணம் வெறும் மூக்கு இல்லை. முன்பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையாவது தங்கட்டும் என்று மூக்குக் குத்தி வைத்த பெயர் அது. பெண்ணானால் மூக்காயி. அதே காரணத்துக்காகத்தான் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லித் தவிட்டான். மற்றவர்களுக்கு இல்லாத ஒரு அடையாளம் அந்த மூக்கில் இருந்தது.

கண்ணுக்கும் அப்படி ஒரு அடையாளம் சொன்னால்தான் பெயர் நிற்கும். முக்கண்ணன், செங்கண்ணன், தாமரைக்கண்ணன், பங்கயக்கண்ணன்: இவை அத்தனையும் கண் + அன், நீங்கள் சொல்கிறபடியே. முன்னால் அடைமொழி இருப்பதைப் பாருங்கள். அடை இல்லாமல் தனியே நிற்கும் கண்ணன் கண்ஹவின் வழி வந்தவன்.

உங்கள் கருத்துக்கு வலு தருவது வேறொன்று. குழந்தையைக் 'கண்ணே', 'கண்ணு', 'கண்மணி' என்று கொஞ்சுவோம். 'கண்ணா' என்றும் கொஞ்சுவோம், பெண்குழந்தையைக்கூட. அந்த ஒரு விளியில் கண்ணும் கண்ணனும் கலந்துபோயின. தாய் வாயில் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பெயராக எழுதும்போது பிரியும்: சின்னக்கண்ணு, கண்ணுச்சாமி என்று உகரம் வந்தால் அது கண், கண்ணன் என்று அன் வந்தால் கிருஷ்ணன்.

காளையார்கோவில் வாசகர்: அப்படியானால் கண்ணப்பன், கண்ணாத்தாள், கண்ணாயிரம்?

மூன்றும் கண்தான். திண்ணன் என்ற வேடர் காளத்தியில் கண்ணைத் தோண்டி அப்பியதால் கண்ணப்பர். நாட்டரசன்கோட்டை அம்மன் கண்ணாத்தாள், கண்ணுடைய நாயகி. கண்ணாயிரம் ஆயிரங்கண். கண்ணப்பன் என்ற பெயரைக் கிருஷ்ணப்பனின் சுருக்கமாக எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கேயும் ஒலியை நம்பி ஏமாறுகிறார்கள்.

சேலம் வாசகர்: கிறிஸ்துவும் கிருஷ்ணனும்...

மேலே கோவை வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆற்காட்டு வாசகர்: ஒரு கல்வெட்டுப் படியில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்' என்று பார்த்தேன். இவர் கர்ணனா?

அருமையான இடத்தைத் தொட்டீர்கள். கர்ணன் இல்லை, ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் வீழ்ந்த போரில் வென்றவன். கச்சி காஞ்சிபுரம். அதன்பின் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகள் அவன் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்குகின்றன. கிருஷ்ணன் என்ற பெயரின் கன்னட வழக்கு கன்னர. அதைத் தமிழில் றன்னகரம் போட்டுக் கன்னர என்று வெட்டினார்கள்.

நீங்கள் கர்ணன் என்று நினைத்ததற்கும் காரணம் உண்டு. வில்லிபாரதத்தில் கர்ணன் 'கன்னன்' என்றுதான் வருகிறான். ஆகவே தமிழ்நூலில் றன்னகரத்தோடு கன்னன் என்று கண்டால் முதலில் கர்ணனை நினையுங்கள். கன்னரதேவன் என்று முழுதாக இருந்தால் ராஷ்டிரகூடன்.

பாலக்காட்டு எல்லை வாசகர்: உன்னிகிருஷ்ணனா, உண்ணிகிருஷ்ணனா?

உண்ணி. மலையாளத்தில் குழந்தை என்று பொருள், டண்ணகரம். தமிழில் 'உன்னி' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்த்ததால் வந்த பிழை.

ஒரு தகப்பன்: மகனுக்குக் 'கிருஷ்ணா' என்று வைக்கலாமா? நெடில் வந்தால் பெண்பெயர் என்கிறார்களே அண்ணா?

வடமொழியில் அது பெண்பால்தான். திரௌபதியும் ஆந்திரத்து ஆறும் அப்படி. தமிழில் ராஜா, சிவா போல விளியே பெயராகிவிட்டது. தயங்காமல் வையுங்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். தமிழில் கிருஷ்ணா, கிருட்டிணா எதுவானாலும் ஆங்கிலத்தில் கே-க்கு அடுத்து ஆர் வருவதா ஐ வருவதா என்பதை அன்றைக்கே முடிவு செய்து, பள்ளி, ஆதார், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதே எழுத்தைக் கொடுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட எழுதுபொருள், அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

முல்லைநிலத்தான்: சரி ஐயா. அந்தக் கடவுளுக்கே தமிழ்வேர் உள்ள பெயர் வேண்டும் என்றால்?

மாயோன். 'மா' என்றால் கருமை, ஆகவே பொருளிலும் கிருஷ்ணனோடு ஒன்று. தொல்காப்பியம் உங்கள் முல்லை நிலத்தை அவனுக்குத்தான் கொடுக்கிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் அவன் மாயவன். கூப்பிட இன்னும் எளிதாக வேண்டுமென்றால் மாயன்.