இடுப்புச் சாய்வை ஸ்கேனில் அளக்கலாமா?

கேள்வி: அம்மாபேட்டையில் குழித்தறி நெய்யும் என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். இடுப்பெலும்பின் சாய்வைப் பார்க்க, நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று எனப் பக்கவாட்டு எக்ஸ்ரே கேட்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ஸ்கேனிலேயே, கதிர்வீச்சு இல்லாமல் இதை அளக்க முடியாதா?
– வாசகி, சேலம்

பதில்: அளக்க முடியும். ஆனாலும் அப்பாவுக்குக் கேட்ட எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள்.

இந்த அளவுக்கு மூன்று எலும்பு முனைகள் வேண்டும். வேட்டி கட்டும் இடத்துக்குக் கீழே முன்புறம் இரு பக்கமும் துருத்துபவை இரண்டு. அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பு மூன்றாவது. மூன்றும் சேர்ந்த தளம் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே சாய்வு. ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி எலும்பில் பட்டுத் திரும்புவதால் திரையில் வெள்ளைக் கோடும், அதன் கீழே கறுப்பு நிழலும் தெரியும். அந்தக் கோடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு, ப்ரோப் (உடல்மேல் வைத்துப் பார்க்கும் கைப்பிடிக் கருவி) அறையில் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். அதற்காக ப்ரோப்பில் ஒளியைத் திருப்பும் சிறு குண்டுகளைப் பொருத்திக் கேமராவால் பின்தொடர்வார்கள்.

பிழை அதிகம் நுழைவது பூப்பெலும்பில்தான். மேல்முனைகளுக்கும் அதற்கும் உயர வித்தியாசம் 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஆழத்தில் 5 மி.மீ. தவறினாலே சாய்வு 3 டிகிரி மாறிவிடும். கருவி ஒலியின் வேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று கொள்கிறது. கொழுப்பில் அது சுமார் 1450தான். அதனால் 30 மி.மீ. கொழுப்பு கிட்டத்தட்ட 32 ஆகத் தெரியும். இதைக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். ப்ரோப்பை அழுத்துவது வேறு சிக்கல்: சதை அமுங்குவதைக் கேமரா ஈடுகட்டிவிடும், ஆனால் நிற்பவர் பின்னால் சாய்ந்துவிடுவார். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தொட்டும் தொடாமலும் வைத்து, ஒவ்வொரு முனையையும் மூன்று முறை எடுப்பது நல்லது.

உட்கார்ந்தால் வயிற்று மடிப்பும் தொடையும் பூப்பெலும்பை மறைத்துவிடும். மருத்துவருக்கு முக்கியமாக வேண்டியதோ அந்த நிலைதான். உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் உருளும். 10 டிகிரி உருண்டால், செயற்கை மூட்டில் பொருத்திய கிண்ணம் (தொடையெலும்பின் பந்து உட்காரும் குழி) முன்னோக்கித் திறக்கும் கோணம் ஏறத்தாழ 7 டிகிரி கூடும். முதுகு இறுகி, இடுப்பு உருளாதவருக்கு உட்காரும்போது செயற்கை மூட்டு நழுவும் ஆபத்து அதிகம். கீழ்முதுகும், அதன் அடியில் இடுப்போடு சேரும் திருவெலும்பும் எப்படி மடிகின்றன என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேதான் ஒரே படத்தில் காட்டும்.

பிசியோதெரபியில் அடிக்கடி அளந்து ஒப்பிட வேண்டியவர்களுக்கு ஸ்கேன் அருமையான வழி. ஆனால் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவி வைத்திருக்கக் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய சேலத்தில் அந்தக் கண்டிப்பின் அவசியத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உட்கார்ந்து எடுக்கும் படத்தில் அப்பாவின் தொடை தரைக்கு இணையாக இருக்கட்டும். உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்காரவைத்தால் அளவு தப்பும். பாதம் பதிய ஒரு பலகை கேளுங்கள். முன்பே முதுகில் அறுவை செய்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.