யாக்கோபின் கோல்

கேள்வி: எனக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியன். மூட்டுத் தேய்மானத்தால், ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் முழங்காற்படியிட முடிவதில்லை. 'விசுவாசத்தோடு ஜெபித்தால் சுகம் கிடைக்கும்' என்று சபையார் சொல்லிச் சொல்லி, சுகம் கிடைக்காததற்கு என் விசுவாசக் குறைவுதான் காரணமோ என்று அஞ்சத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். 'பரலோகம் இருக்கிறது' என்ற ஆறுதலைத் தவிர, மூப்படைகிறவனுக்குக் கிறிஸ்தவம் தரும் நம்பிக்கை வேறு ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உண்டு. ஆனால், அதற்கு முன் உங்கள் தலையில் பிறர் ஏற்றிவைத்த சுமையை இறக்கிவைக்க வேண்டும். சுகம் கிடைக்காதவனுக்கு விசுவாசம் போதவில்லை என்ற போதனைக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லை. நாகமானின் குஷ்டம் நீங்க வழி சொன்னவரும், சூனேமியாளின் மகனை உயிரோடு எழுப்பியவருமான எலிசா தீர்க்கதரிசி, கடைசியில் நோயில் கிடந்துதான் இறந்தார் என்று இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல், தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார். தம் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கோ, அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினார். இவர்களுடைய விசுவாசத்தை அளந்து பார்க்க எந்தச் சுகமளிக்கும் கூட்டத்தாருக்கும் துணிவு வராது. உங்களுடையதை மட்டும் ஏன் அளக்கிறார்கள்?

முதுமையை வேதம் பூசி மெழுகவும் இல்லை. எத்தனை போர்வை போர்த்தினாலும் முதிர்வயதான தாவீது ராஜாவுக்கு உடம்பில் அனல் ஏறவில்லை என்று எழுதிவைத்திருக்கிறது. 'என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்' என்ற 71ஆம் சங்கீதத்தின் மன்றாட்டு, உங்களுடைய அதே அச்சத்திலிருந்து எழுந்ததுதான். அச்சத்தைச் சொல்வது அவிசுவாசமாக இருந்திருந்தால், அந்த வரி சங்கீதம் என்னும் ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்காது.

இனி உங்கள் முழங்காலுக்கு வருவோம். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11ஆம் அதிகாரம், விசுவாசத்தால் செய்யப்பட்ட செயல்களை வரிசைப்படுத்துகிறது. இஸ்ரவேலரின் முற்பிதாவான யாக்கோபின் நீண்ட வாழ்க்கையில் பெத்தேலின் கனவும் யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை நடந்த போராட்டமும் இருந்தும், நிருபக்காரர் அவற்றை விட்டுவிட்டு, சாகும் காலத்தில் தம் மகன் யோசேப்பின் இரு மகன்களையும் ஆசீர்வதித்ததையும் கோலின் முனையில் சாய்ந்து தொழுததையும் மட்டுமே எடுத்துச் சொல்கிறார். ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி விரிவாக இருக்கிறது: கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, வியாதிப் படுக்கையிலிருந்து தம்மைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்து உட்காருகிறார், பேரன்களை அணைத்து முத்தமிடுகிறார், கைகளைக் குறுக்காக வைத்து, இளையவன் தலையில் வலது கையை வைக்கிறார், மகன் யோசேப்பு குறுக்கிட்டுத் திருத்தப் பார்த்தபோது, 'அது எனக்குத் தெரியும், என் மகனே' என்கிறார். அந்தப் பேரன்கள் இருவரும் எகிப்தில், அந்நிய மண்ணில் பிறந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். ஆகவே நீங்கள் நின்றோ உட்கார்ந்தோ திருவிருந்து வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. தொலைபேசியில் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பதும் பொழுதுபோக்காகிவிடாது.

ஆயினும் 'இந்த வயதிலும் எதையாவது செய்ய முடிகிறது' என்பதை நம்பிக்கைக்கு அடித்தளமாக்கிவிடாதீர்கள். அது முடியாமல் போகும் நாளும் வரும். முதிர்வயதில் வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று தம் சீடன் பேதுருவிடம் இயேசு முன்னறிவித்தார். அது பேதுருவின் மரணத்தைக் குறித்த சொல் என்றாலும், அதைச் சொன்ன கையோடு 'என்னைப் பின்பற்றி வா' என்றே அழைத்தார். உங்கள் மாவட்டத்து டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் தவறி விழுந்து அடிபட்ட பின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். படுக்கையிலிருந்தே பல நூல்களை எழுதினார் என்று அவரைப் புகழ்கிறோம். ஊராருக்கெல்லாம் தாயாயிருந்தவர் அந்த ஆண்டுகளில் பிறர் கைகளின் பராமரிப்பை ஏற்று வாழ்ந்தார் என்பதைச் சொல்ல மறக்கிறோம். எனக்குப் பின்னதே பெரிதாகத் தெரிகிறது. 'நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்' என்று ஏசாயா 46இல் சொல்கிறவர் கர்த்தர். சுமக்கப்படுகிறவனிடம் அவர் வேறு வேலை எதையும் எதிர்பார்க்கவில்லை.

பரலோகத்தைத் 'தவிர' என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. ஞாயிறுதோறும் நீங்கள் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சரீரம் உயிர்த்தெழும் என்கிறது. பலவீனமாய் விதைக்கப்படுவது பலமுள்ளதாய் எழும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது, தேய்ந்த மூட்டுகளையும் சேர்த்துத்தான். கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து இதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நல்ல புத்திமதி மட்டுமே.

தனிமையைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் அருகில் இல்லாத குறையை ஜெபம் அப்படியே நிரப்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகத்தான் சபை என்று ஒன்று இருக்கிறது. ஆலயத்துக்கு வர முடியாத வாரங்களில் வீட்டுக்கு வந்து திருவிருந்து தரும்படி உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கவலைப்படும் சபையாரையும், வாரம் ஒரு நாள் உங்களோடு உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.