பாதியில் விட்ட படிப்பும் நல்ல வேலையும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பள்ளியைப் பாதியில் விட்டு, சம்பளம் ஏறாத வேலைகளில் மாட்டிக்கொண்ட பெரியவர்கள் மறுபடி படிப்பது பற்றியும், ஆள் தேவைப்படும் தொழில்களுக்கு மாறுவது பற்றியும் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். படிப்பவர்கள், ஆசிரியர்கள், மையம் நடத்துபவர்கள், ஒரு முதலாளி என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். வயதுவந்தோருக்குப் பாடம் நடத்துவதும் ஆலோசனை சொல்வதும்தான் என் வேலை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வயது 41. எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை. செவிலியர் உதவியாளர் ஆக ஆசை. இந்த வயதில் மண்டையில் ஏறுமா அக்கா?

ஏறும். வயது கூடக்கூட, புதுத் தகவலை மூளை கையாளும் வேகம் கொஞ்சம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் நடுவயதிலும் வளர்ந்துகொண்டே போகும். புதுப் பாடம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டால் மனதில் நிற்கும். உங்களுக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது. எந்தக் கழிவு எந்த நிறப் பையில் போக வேண்டும், தொற்று உள்ளவரின் அறைக்குள் எப்படிப் போய் வருவது, வலியில் கத்துகிறவரிடம் எப்படிப் பேசுவது, இதையெல்லாம் பள்ளியிலிருந்து நேராக வரும் 18 வயதுப் பிள்ளைக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

முதலில், பயிற்சி தரும் நிறுவனத்துக்கே போய்க் கேளுங்கள். எந்த வகுப்பு வரை தேறியிருக்க வேண்டும்? பள்ளிக்குப் போகாமல் தனியாகத் தேர்வு எழுதித் தேறினால் ஏற்றுக்கொள்வார்களா? அவர்கள் தரும் சான்றிதழை மருத்துவமனைகள் மதிக்கின்றனவா? உங்கள் வார்டின் தலைமைச் செவிலியரிடமும் ஆசையைச் சொல்லிவையுங்கள். உள்ளே ஒரு இடம் காலியாகும்போது அவருக்கு உங்கள் ஞாபகம் வரட்டும்.

படிக்கும்போது ஒரு பக்கம் முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. மறதி எப்படி நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் அளந்து எழுதினார். அப்போதிருந்து எத்தனையோ ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது: இடைவெளி விட்டுப் படித்தது, ஒரே மூச்சில் படித்ததைவிட அதிகம் நிற்கும்.

கேள்வி: எங்கள் மையத்தில் முதல் ஆறு மாதம் எழுத்தும் கணக்கும். அதில் தேறியவர்களைத்தான் தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறோம். பாதிப் பேர் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். ஆர்வமில்லாதவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். நிறைய மையங்கள் இங்கேதான் ஆட்களை இழக்கின்றன.

நாள் முழுக்க உழைத்துவிட்டுச் சாயங்காலம் வகுப்புக்கு வருகிறவருக்கு ஆர்வமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெல்டிங் கற்க வந்தவருக்கு நீங்கள் ஆறு மாதம் பின்னக் கணக்கு மட்டும் காட்டுகிறீர்கள். சின்ன வயதில் அவரை விரட்டிய அதே கரும்பலகை, அதே மாதிரிக் கணக்கு. தான் கேட்டு வந்த வேலை கண்ணிலேயே படாதபோது அவர் வீட்டுக்குப் போவது நியாயம்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் (உள்ளூர் மக்களுக்கான இரண்டு ஆண்டுக் கல்லூரிகள்) 2004 வாக்கில் இதை மாற்றிப் பார்த்தன. ஐ-பெஸ்ட் என்று பெயர். அடிப்படைக் கல்வி ஆசிரியரும் தொழில் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்துவார்கள், வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியாவது இருவரும் இருக்க வேண்டும். முதல் நாளே தொழில் தொடங்கிவிடும். எழுத்தும் கணக்கும் அதற்குள்ளேயே வரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. வழக்கமான அடிப்படை வகுப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இதில் சேர்ந்தவர்கள் கல்லூரிப் பாடங்களில் தேறுவதும் சான்றிதழ் வாங்குவதும் அதிகமாக இருந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? நோயாளி ஒரு நாளில் குடித்த திரவத்தையும் வெளியேறிய திரவத்தையும் குறிக்கும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டர் கூட்டல், கழித்தல், லிட்டராக மாற்றுவது எல்லாம் அதில் வந்துவிடும். நோயாளி கீழே விழுந்தால் எழுதவேண்டிய அறிக்கை, அன்றைய எழுத்துப் பாடம். இந்தக் கூட்டலைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் "இது எதுக்கு?" என்று கேட்பதில்லை.

செலவு கூடும், மறைக்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடும் நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும். அந்தத் திட்டமிடும் நேரத்தை வெட்டினால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் வகுப்புதான் மிஞ்சும். இப்போதைக்கு வசதி இல்லையென்றால், எழுத்து ஆசிரியரை வாரம் ஒருநாள் பட்டறையில் உட்காரவையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையும் இயந்திரத்தின் கையேடும்தான் அவருடைய பாடநூல். ஆறு மாத வடிகட்டலை மட்டும் தயவுசெய்து இந்த பேட்சோடு நிறுத்துங்கள்.

கேள்வி: சேரும்போது நுழைவுத் தேர்வு வைக்கலாமா? பேப்பரைப் பார்த்ததும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

முதல் நாள் வேண்டாம். அன்றைக்கு உட்கார்ந்து பேசுங்கள்: என்ன வேலை செய்கிறார், எதைப் படிக்க நேர்கிறது, எதை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2016 டிசம்பரில், அடிப்படைத் திறன் குறைந்த பெரியவர்களுக்காக ஒரு பரிந்துரையை ஏற்றது. மூன்று படிகள்: இருக்கும் திறனைக் கண்டறிவது, அவரவர்க்கு ஏற்ற பயிற்சி, கற்றதை முறையாக அங்கீகரிப்பது. முதல் படி என்ன தெரியும் என்று பார்ப்பது. தெரியாததைத் துருவுவதிலிருந்து தொடங்காதீர்கள். எழுத்துத் தேர்வு தேவைதான் என்றால் இரண்டாவது வாரம் வையுங்கள், முடிவைத் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை. எலக்ட்ரீஷியன் ஆக ஆசை. கணக்கைக் கண்டாலே கை நடுங்குகிறது.

போடுகிற கணக்கை அந்த நேரத்துக்கு மனதில் பிடித்துவைக்க மூளையில் கொஞ்சம் இடம்தான் உண்டு. பயமே அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், கணக்குப் போட மிச்சம் இருப்பது குறைவு. ஆகவே இதை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிகாரம் வைத்துப் போடும் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கணக்கானாலும் முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லிவிட்டுப் பிறகு போடுங்கள். தொடக்கத்தில் உங்களுக்குத் தேவையானது பெருக்கல், வகுத்தல், தசமம், விகிதம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் 2300 வாட் என்று ஒரு ஹீட்டரை வைத்துப் போட்டுப் பாருங்கள். நாலைந்து கருவிகளுக்கு இப்படிப் போட்டபின் சூத்திரம் தானாக மனதில் இருக்கும்.

கேள்வி: "100 சதவீதம் வேலை உறுதி" என்று எல்லா கோர்ஸும் சொல்கிறது. எந்தத் தொழிலுக்கு உண்மையாகவே ஆள் தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, வேலை கொடுப்பவர்கள் பக்கத்திலிருந்து வாருங்கள். நீங்கள் விரும்பும் வேலைக்கான அறிவிப்புகளை ஒரு மாதம் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைக் குறியுங்கள். அப்புறம் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து, "இந்தச் சான்றிதழோடு வந்தால் எடுப்பீர்களா, போன வருடம் அப்படி யாரையாவது எடுத்தீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பயிற்சி நிறுவனத்திடம் போன பேட்சில் படித்த இருவரோடு பேச வழி கேளுங்கள். தட்டிக் கழித்தால் பணம் கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் ஆள் தேவை என்ற பலகை எப்போதும் தொங்கும். தொழில் வளர்வதால் அப்படி இருக்கலாம். சேர்ந்தவர்கள் நிற்காமல் ஓடுவதாலும் இருக்கலாம். "இந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தால் அடுத்து என்ன ஆகலாம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அது இரண்டாவது வகை. முதியோர் தொகை பெருகுவதால் பராமரிப்பு வேலைகள் உலகெங்கும் கூடுகின்றன. அவற்றிலும் செவிலியர் படிப்புக்கோ ஆய்வகப் படிப்புக்கோ ஏற வழி இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: 15 வருடமாக வெல்டிங். கையில் ஒரு காகிதம் கிடையாது. மறுபடி முதலிலிருந்தா படிக்க வேண்டும்?

தேவையில்லை. கற்ற இடம் எதுவானாலும் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை பல நாடுகளில் இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். பிரான்ஸில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், அனுபவத்தை ஒரு தேர்வுக் குழுவின் முன் நிரூபித்து முழுப் பட்டயமே வாங்க வழி செய்தது. உங்கள் தொழிற்பயிற்சித் துறையில் இப்படி ஒரு வழி உண்டா என்று விசாரியுங்கள். இன்றிலிருந்தே செய்த வேலைகளைப் படம் எடுத்து, தேதி, உலோகம், எந்த முறை வெல்டிங் என்று குறித்துவையுங்கள். பழைய மேஸ்திரிகளிடம் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். செய்முறையில் நீங்கள் அசத்திவிடுவீர்கள். பாதுகாப்பு விதிகளும் வரைபடக் குறியீடுகளும்தான் பலரைக் கவிழ்க்கின்றன, அதற்கு மட்டும் ஒரு குறும்பயிற்சி போதும்.

கேள்வி: ஷிப்ட் வேலை. மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் விட்டுவிட்டேன். எனக்கு ராசியில்லை போல.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் காமிங்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் பெரியவர்கள் ஏன் படிப்பைத் தொடர்கிறார்கள் என்று 1990-களின் இறுதியில் ஆராய்ந்தார்கள். பலரும் இடையில் நின்று திரும்பவும் வருகிறார்கள். பெரியவர்களின் படிப்பு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். தனக்கென்று ஒரு தெளிவான இலக்கு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவது, இழுக்கிற தடைகளைச் சமாளிக்க உதவி, இந்த நான்கும் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

நான்காவது முறை சேருங்கள். சேரும் அன்றே ஆசிரியரிடம் ஷிப்ட் பட்டியலைக் கொடுத்து, வர முடியாத வாரங்களில் என்ன செய்வது என்று பேசிவிடுங்கள். ஷிப்ட் மாறினால் சொல்லாமல் நிற்காதீர்கள். "மூன்று வாரம் வர முடியாது, பாடத்தைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். திரும்பி வரும்போது கூச்சம் இருக்காது.

கேள்வி: சின்னச் சின்னச் சான்றிதழாகச் சேர்த்துக்கொண்டே போனால் போதுமா?

ஒன்று அடுத்ததற்குக் கணக்கில் சேருமானால் நல்லது, சேராவிட்டால் பை நிறையக் காகிதம்தான். வாஷிங்டன் மாநிலத்தில் 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குறைந்தது ஒரு வருட அளவுக் கல்லூரிப் பாடமும் அதோடு ஒரு சான்றிதழும் முடித்தவர்களுக்கு வருமானம் கணிசமாகக் கூடியது தெரிந்தது. ஆகவே முதல் சான்றிதழில் சேரும்போதே, அந்த அளவுக்கு இந்தப் பாதை போகுமா என்று பாருங்கள்.

கேள்வி: சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். பணியாளர்களைப் படிக்கவைத்தால் வேறிடம் போய்விட மாட்டார்களா?

சிலர் போவார்கள் ஐயா. ஆனால் படித்ததற்குப் பலன் இங்கேயே இருந்தால் நிற்கிறவர்கள் அதிகம். பயிற்சி முடித்தவருக்கு என்ன பதவி, எவ்வளவு உயர்வு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வகுப்பை வேலை நேரத்துக்குள் வையுங்கள், பாதி நேரமாவது உங்கள் கணக்கில். இன்னொன்று, வகுப்புக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை மேலாளரிடம் கொடுக்காதீர்கள். எழுத்தில் தடுமாற்றம் என்று மேலாளரிடம் ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பிரிட்டனில், சக தொழிலாளிகளைப் படிக்கத் தூண்டும் தொழிற்சங்கக் கற்றல் பிரதிநிதிகளுக்கு 2002-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் உரிமை கொடுத்தது. சக தொழிலாளிதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். உங்கள் இடத்திலும் எல்லோரும் நம்பும் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சரியாகப் படிக்க வராது, அதை மறைத்தே வாழ்கிறார். மேற்பார்வையாளர் பதவி வந்தும் வேண்டாம் என்றுவிட்டார். எப்படிப் பேச்செடுப்பது?

படிப்பு என்று தொடங்காதீர்கள், அந்தப் பதவியில் தொடங்குங்கள். "அந்த வேலையில் தினமும் என்னென்ன எழுத வேண்டியிருக்கும்பா?" என்று கேளுங்கள். வருகைப் பதிவு, சரக்குக் கணக்கு, ஷிப்ட் அறிக்கை என்று நாலைந்துதான் இருக்கும். காலிப் படிவங்கள் கிடைத்தால் அவற்றையே வீட்டில் நிரப்பிப் பழகலாம். அம்மா முன்னாலோ உறவினர் முன்னாலோ இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம். நீங்களே சொல்லித்தரும்போது அவருக்குச் சங்கடமாக இருந்தால், அவர் வயதுக்காரர்கள் வரும் மாலை வகுப்பாகப் பாருங்கள். பதவி இன்னொரு முறை வரும், அதற்குள் தயாராகிவிடலாம்.

கேள்வி: எங்கள் மையத்தில் வேலையும் வாங்கித் தருகிறோம். ஆனால் சில மாதங்களிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வேலை கிடைத்த அன்றோடு உங்கள் ஆதரவு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1992-இல் தொடங்கிய புராஜெக்ட் குவெஸ்ட் என்ற வேலைப் பயிற்சித் திட்டம், படிக்கும் காலம் முழுக்க வாராவாரம் ஆலோசகரைச் சந்திக்கவைத்தது. கட்டணத்துக்கும் பயணத்துக்கும் உதவியது. படிப்பு பெரும்பாலும் மருத்துவத் துறையில். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துத் தொடர்ந்து பார்த்ததில், ஒன்பது வருடம் கழித்தும் இதில் சேர்ந்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. ஒர்க் அட்வான்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் திட்டம், வேலையில் சேர்ந்த பிறகும் கூடவே நின்று அடுத்த படிக்கு ஏற உதவுவதைத் தன் வடிவமைப்பிலேயே வைத்திருந்தது.

உங்களிடம் அவ்வளவு நிதி இருக்காது. ஒரு ஆலோசகரின் நேரத்தில் ஒரு பங்கை, வேலையில் சேர்ந்தவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். முதல் வாரம் தினமும் ஒரு போன், முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று ஒரு வருடம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காதது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டது, மேற்பார்வையாளர் கத்தியது, விடுவதற்கான காரணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அன்றைக்கே தெரிந்தால் சரிசெய்துவிடலாம். வேலை கொடுத்தவரிடமும் உங்கள் ஆலோசகரின் எண்ணைக் கொடுத்து, நீக்குவதற்கு முன் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.