கொழும்புக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். நாசரேத் பக்கத்துப் பிள்ளை, ஆறு மாதமாக இங்கே ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கணக்கு வேலை, தெஹிவளையில் ஒரு அனெக்ஸில் தனியாக இருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால் பக்கத்து மேசையில் சிரிக்கிறார்கள். ஆபீஸில் பௌத்த பிக்குகள் வந்து பிரித் என்ற ஆசீர்வாதம் ஓதிய அன்றைக்குக் கையில் நூல் கட்டிக்கொள்ள மறுத்தீர்கள், மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்கார அம்மா பாட்டும் ஜெபமும் கூடாது என்று சொல்லிவிட்டார். சபைக்குப் போனால் "இந்தியாவா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஊரில் சபைதான் குடும்பமாக இருந்தது, இங்கே தேவனுடைய குடும்பம் எங்கே இருக்கிறது, பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சாயர்புரத்துக்காரி. கல்யாணமாகி வந்து வெள்ளவத்தையிலேயே வேர் பிடித்துவிட்டேன். பிள்ளைகள் இங்கே வளர்ந்தவர்கள், "பிரெட்" என்றால் சிரித்துவிட்டு "பாண்" என்று திருத்துவார்கள். ஊருக்குப் போனால் எனக்குக் கொழும்புக்காரி என்று பெயர், இங்கே இன்னும் இந்தியாக்காரி. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை.

முதலில் ஒரு காரியம், கொஞ்சம் கசக்கலாம். நீங்கள் சொன்ன நாலும் ஒரே கணக்கில் வராது. நூல் விஷயம் விசுவாசத்தைத் தொட்டது, சரி. சாப்பாட்டு மேசைச் சிரிப்பையும் அதோடு வேண்டுமானால் சேர்க்கலாம். வீட்டுக்கார அம்மாவின் சட்டம் அப்படியா? அந்த அறையில் ஒருவர் தபேலா பழகினாலும் அவர் அதையேதான் சொல்லுவார். "இந்தியாவா?" என்ற கேள்விக்கும் இயேசுவுக்கும் சம்பந்தமே இல்லை. கிறிஸ்துவின் நாமத்தினிமித்தம் நிந்திக்கப்பட்டால் பாக்கியவான்கள் என்று எழுதின அதே பேதுரு, அடுத்த வசனத்திலேயே அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடாதீர்கள் என்கிறார். அந்நிய ஊரில் வாழும் எல்லாக் கஷ்டத்தையும் சிலுவை என்று எழுதி வைத்துக்கொண்டால், விசா வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற சீனாக்காரர் சுமப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

நூலைப் பற்றி என் அபிப்பிராயம் இது. கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நாட்டு அரசியலமைப்பில் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது, 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் நூலோடு ஆள் முன்னால் வந்து நிற்கும்போது கையை இழுத்துக்கொண்டால் அவர்கள் மனம் நோகத்தான் செய்யும். அவர்கள் அதைக் கொடுப்பது நல்லது நடக்கட்டும் என்றுதான். முந்தின நாளே ஏற்பாடு செய்கிறவரிடம் போய் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். என் வீட்டுக்காரர் ஒரு வருஷமும் கட்டியதில்லை. ஆனால் பிரித் அன்றைக்குச் செருப்பைக் கழற்றிப் பின்னால் உட்கார்ந்திருப்பார், கதிரை அடுக்குவது, தேத்தண்ணி கொண்டுபோவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கை நீட்டாததை இப்போது யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தால் டன்சலில், அதாவது இலவசமாகச் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கிற பந்தலில், வரிசையில் நின்று குடிக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நான் குடிப்பேன். குடிக்காதவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

இவ்வளவு சொன்னதால் இந்த நாட்டில் உண்மையான பகையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் சபை, அதோடு கொழும்பில் பெரிய ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்கப்புறம் கத்தோலிக்கர்கள் ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டி வந்தது. பெரிய பண்டிகைகளில் வாசலில் ஆட்கள் நின்று பையைத் திறந்து பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். கொழும்பை விட்டு வெளியே சின்னச் சின்ன ஜெபவீடுகளுக்கு வேறு விதமான தொல்லை. ஊரார் கூட்டமாக வந்து, பதிவு இருக்கிறதா என்று 2008இல் வந்த ஒரு சுற்றறிக்கையைக் காட்டி, கூட்டத்தை நிறுத்தச் சொல்லுவார்கள். உலகம் உங்களைப் பகைத்தால் ஆச்சரியப்படாதேயுங்கள் என்ற வசனத்தை அவர்கள் வாசிக்கும்போது அதற்குக் கனம் இருக்கிறது. இன்னொன்றும் மறக்கக்கூடாது. அந்தக் குண்டுகளுக்குப் பழி என்று மே மாதமே மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் கடைகளை எரித்தார்கள், எரிந்தது ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களுடையது. நாம் மட்டும்தான் வேண்டாதவர்கள் என்று நினைக்கிற கிறிஸ்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படமாட்டான்.

இனி சபைக்கு வருவோம். உங்கள் மனதை உண்மையில் நோகடித்தது ஆபீஸ் இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தமிழ் ஆராதனையில் ஒரே பெஞ்சில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எல்லாம் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து எப்போதோ கடல் தாண்டி வந்த பரதர் குடும்பம் ஒன்று இருக்கும். சிங்கள மருமகள் ஒருத்தி தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். இவர்கள் ஏன் மேற்கொண்டு கேட்பதில்லை தெரியுமா? எந்த ஊர், எங்கே இருக்கிறாய், யாரோடு வந்தாய் என்பதெல்லாம் இங்கே நெடுங்காலம் செக்பொயிண்டில் கேட்ட கேள்விகள். 1983இல் தமிழர்கள் மேல் நடந்த கலவரத்தைப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு பொலிஸ் பதிவுத் துண்டோடு அலைந்தவர்கள். அடுத்தவரைத் துருவிக் கேட்காமல் விடுவது அவர்களுக்கு ஒரு மரியாதை. நம் திருநெல்வேலிப் பக்கம் முதல் சந்திப்பிலேயே அப்பா பெயர், சேகரம், சம்பளம் வரை கேட்டுவிடுகிற பழக்கத்தோடு வந்தால் இது வெறுப்பு மாதிரித்தான் தெரியும். வெறுப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஊர் பார்ப்பதும் சாதி பார்ப்பதும் இந்தச் சபைகளிலும் உண்டு. ஊரில் இல்லாததா?

சபையே பகையான உலகமாக நின்ற கதையும் இந்தத் தீவில் இருக்கிறது. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலம். தடை செய்தவர்கள் நம்மைப் போலப் புரொட்டஸ்டண்ட்காரர்கள், வுல்பெண்டால் கோயிலைப் பின்னாளில் கட்டியவர்கள். விசுவாசிகள் யார் என்றே தெரியாத ஊரில் இவர் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம், அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனிக்க. கண்டிக்குப் போன இடத்தில் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துவைத்தார்கள். 2015 ஜனவரியில் காலி முகத்திடலில் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நாம் சி.எஸ்.ஐ.காரர்கள், தென்னிந்தியத் திருச்சபை, புனிதர் பட்டம் நமக்கு வழக்கமில்லை, இருக்கட்டும். அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து, குடும்பம் தன்னைத் தேடி வரட்டும் என்று இருக்கவில்லை.

எங்கள் சபையில் ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். ஆராதனை முடிந்ததும் பாதிரியாருக்கு முன்னால் இவர் வாசலுக்குப் போய்விடுவார். கையில் மாரி பிஸ்கட் டின். புது முகம் கண்டால் பெயர்கூடக் கேட்கமாட்டார், "மத்தியானம் சாப்பாடு எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நான் வந்த புதிதில் எனக்கும் அதே கேள்வி வந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் போன தோட்டக் குடும்பம் அவருடையது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள், கோத்தகிரியில் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். இவர் இங்கே தங்கிவிட்டார். 2003இல் சட்டம் வந்த பிறகுதான் கையில் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. இன்றைக்கும் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேதாகமத்தோடு வைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிறு நிருப வாசகம் அவருடையது, எபேசியர் இரண்டாம் அதிகாரம். "நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கண் கலங்கிவிட்டதோ என்று பார்த்தால் இல்லை, கண்ணாடிதான் அழுக்கு. திரும்ப மாட்டிக்கொண்டு அந்த வரியை முதலிலிருந்து ஒரு முறை சத்தமாக வாசித்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அதுக்கு எத்தன ஆபீஸ் ஏறி இறங்கினேன் மகள். இதுக்கு ஒருத்தரும் ஒரு கடுதாசியும் கேக்கல்ல." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பிஸ்கட் டின்னை நீட்டப் போய்விட்டார்.

தேவனுடைய குடும்பம் எங்கே என்றால் நான் இந்த அம்மாவைத்தான் காட்டுவேன். அவரையும் எல்லோரும் வரவேற்றார்கள் என்று எண்ணாதீர்கள். மலைநாட்டாள் என்று சமையல் வேலைக்குக் கூப்பிட்டவர்கள் அந்த பெஞ்சிலேயே இருந்தார்கள். தன்னைச் சேர்த்துக்கொண்டது தேவன் என்ற தெம்பில் அவர் வாசலில் நின்று மற்றவர்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மாற்கு பத்தில், வீட்டையும் சொந்தத்தையும் விட்டு வந்தவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாய் வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்மார் கிடைப்பார்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். "துன்பங்களோடேகூட" என்பதும் அதே வாக்கியத்தில்தான் வருகிறது. சில துன்பம் அந்தத் தாய்மாரிடமிருந்தே வரும் என்பது என் அனுபவம். நூறு தாய் என்றால் நூறு புத்திமதி.

நாசரேத்தில் உங்களுக்குச் சபை குடும்பமானது எப்படி என்று யோசியுங்கள். சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்கியிருப்பீர்கள், சாம்பார் வாளி தூக்கியிருப்பீர்கள். இங்கேயும் வழி அதுதான். ஒரு சபையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்தமோ அங்கிலிக்கனோ, பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்று வாரம் ஒன்றாகச் சுற்றினால் எங்கேயும் உங்கள் பெயர் தெரியாது. பாடகர் குழுவில் ஆண் குரலுக்கு எப்போதும் பஞ்சம். செத்த வீடு என்று அறிவித்தால் தெரியாதவரானாலும் போங்கள், பொரளையில் உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இந்த ஊரில் அது ஒரு வருஷ அறிமுகத்துக்குச் சமம். சிங்களம் படியுங்கள். பல சபைகளில் சிங்கள ஆராதனை தனியாக உண்டு, மாதம் ஒரு தடவை அதிலும் போய் உட்காருங்கள், ராகம் தெரிந்த பாட்டாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கார அம்மாவிடம் வாதம் வேண்டாம். மெதுவாக ஜெபிப்பது கர்த்தருக்குக் கேட்காமல் போகாது. கிறிஸ்மஸுக்கு ரவையும் முந்திரியும் போட்ட இந்த ஊர்க் கேக் ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏப்ரலில் சித்திரை வருஷத்துக்குக் கொக்கிஸும் பலகாரமும் அந்தத் தட்டில் திரும்பி வரும், வெறும் தட்டு கொடுப்பது இங்கே வழக்கமில்லை.

திரும்பிப் போவதா என்பதை வேலையையும் சம்பளத்தையும் அம்மா அப்பா உடம்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் தப்பே இல்லை. சபையில் ஒருவரும் பேசவில்லை என்பதற்காக மட்டும் டிக்கெட் போட வேண்டாம், அடுத்து துபாய் போனாலும் இதேதான் இருக்கும்.

இந்த ஞாயிறு வேலை இல்லையென்றால் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் பிடித்து வெள்ளவத்தையில் இறங்குங்கள். தனியாக ஒரு வரி எழுதினால் சபையின் பெயரும் நேரமும் அனுப்புகிறேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் குழம்பு தேங்காய்ப்பால் விட்டுத்தான் இருக்கும், நம்ம ஊர்ப் புளிக்குழம்பு வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.